குழந்தைக்கு ஒரு சமையல், நமக்கு ஒரு சமையல் என்பதை எப்படி நிறுத்துவது?

கேள்வி: இரவுச் சமையல்காரன்

எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது ஆகிறது. நானும் மனைவியும் வேலைக்குச் செல்பவர்கள். இரவுச் சமையல் என் பொறுப்பு. கடந்த ஓராண்டாக அவளுக்கு ஒரு சட்டி, எங்களுக்கு ஒரு சட்டி என்றே அடுப்பு எரிகிறது. அவளுக்காக உப்பில்லாமல் வேகவைத்து, மசித்து, சல்லடையில் தேய்த்து வைக்கும் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் இரண்டு வாய்க்கு மேல் அவள் தொடுவதில்லை. கிண்ணத்தைத் தள்ளிவிட்டு என் தட்டுக்குள் கையை விடுகிறாள். சென்ற வாரம் அப்படி அள்ளிய கவளத்தில் ஒரு மிளகாய்த் துண்டு அகப்பட்டுவிட்டது. அன்று இரவு நாங்கள் மூவருமே சரியாக உண்ணவில்லை.

நாங்கள் உண்பதையே அவளும் உண்ணும்படி, அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் செய்யக்கூடிய உணவுகள் எவை? உப்பும் காரமும் எவ்வளவு வரை போகலாம்? இந்த வயதிலும் எல்லாவற்றையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: இரண்டு பிள்ளைகளின் தாய்

வணக்கம். முதலில் அந்தச் சல்லடையை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு வயதை ஒட்டிய பருவத்திலேயே பெரும்பாலான குழந்தைகளால் வீட்டார் உண்ணும் உணவை உண்ண முடியும் என்றுதான் உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது. கூழாகவே கொடுத்துக்கொண்டிருந்தால் மெல்லப் பழகும் காலம் தள்ளிப்போகும்.

என் வீட்டில் நான் கடைப்பிடிக்கும் வழி ஒன்றே ஒன்றுதான்: உப்பும் மிளகாயும் சட்டிக்குள் போவதற்கு முன் குழந்தையின் பங்கை எடுத்துவிடுவது. எந்த உணவைத் தேர்ந்தெடுத்தாலும், அவை இரண்டையும் கடைசியில் சேர்க்க முடியுமா என்று மட்டும் பார்ப்பேன். எடுத்துக்காட்டாக, ஒரு தம்ளர் அரிசி, அரைத் தம்ளர் பாசிப்பருப்பு, பொடியாக நறுக்கிய ஒரு கேரட், ஒரு தக்காளி, சிறிது மஞ்சள்தூள் ஆகியவற்றை ஐந்து தம்ளர் நீரில் குக்கரில் குழைய வேகவைக்கிறேன். மூடியைத் திறந்ததும் இரண்டு கரண்டி எடுத்து, சிறிது வெண்ணெய் விட்டு ஆறவைத்தால் அது குழந்தையின் பங்கு. அது ஆறுவதற்குள் வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், மிளகு, சீரகம் ஆகியவற்றை எண்ணெயில் தாளித்து, உப்பும் சேர்த்து மீதியில் கொட்டினால் அது நமக்கு. பருப்பில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கத் தக்காளியின் வைட்டமின் சி துணைசெய்கிறது என்பதால் தக்காளியை நான் விடுவதில்லை.

கோழிக்கறியும் உருளைக்கிழங்கும் கேரட்டும் ஒன்றாகக் கொதிக்கும் குழம்பும் இப்படியே. கறியைக் குழந்தைக்குத் துண்டாகக் கொடுக்காமல், நார் நாராகப் பிய்த்து, அந்தச் சாற்றிலேயே நனைத்துக் கொடுங்கள். உலர்ந்த கறியைக் குழந்தைகள் சவைத்துச் சவைத்துக் கடைசியில் துப்பிவிடுவார்கள். பாஸ்தா செய்யும் நாளில் கொதிநீரில் உப்புப் போடாமல், அவளுடைய பங்கை மட்டும் மூன்று நிமிடம் கூடுதலாக வேகவிடலாம். மிக அவசரமான நாளில் காய்கறி சேர்த்த தடித்த ஆம்லெட் போதும். உள்ளே ஈரம் இல்லாதபடி முழுதும் வெந்திருக்க வேண்டும்.

உப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்டக்கூடாது என்பது பிரிட்டனின் பொதுச் சுகாதாரப் பரிந்துரை. பெரியவர்களுக்கே 5 கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. ரொட்டி, பாலாடைக்கட்டி, புட்டியில் வரும் சாஸ் ஆகியவற்றில் ஏற்கெனவே உப்பு இருப்பதால், அவற்றைக் கொடுக்கும் நாளில் நீங்கள் சேர்க்க வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

மறுமொழி: மெதுவாக உண்போம்

மேலே சொன்னதில் ஒரு சிறு திருத்தம் மட்டும். காரம் வேறு, மணம் வேறு. சீரகம், கொத்தமல்லித்தூள், பூண்டு, இஞ்சி, பட்டை எல்லாவற்றையும் குழந்தையின் பங்கிலும் தாராளமாகச் சேர்க்கலாம். தள்ளிவைக்க வேண்டியவை மிளகாயும் உப்புமே. சப்பென்று இருக்கும் உணவை உங்கள் மகள் தள்ளியதில் எனக்கு வியப்பில்லை, நானும் தள்ளியிருப்பேன்.

அவள் உண்ணும் அளவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவுசெய்ய வேண்டும், உண்பதா, எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தை முடிவுசெய்ய வேண்டும் என்று எலின் சாட்டர் என்னும் அமெரிக்க உணவியல் வல்லுநர் வகுத்த பங்கீடு எங்களுக்குப் பெரிதும் உதவியது. புதிய காய் ஒன்றைப் பத்து முறைக்கு மேல் தட்டில் கண்ட பிறகே வாயில் வைக்கும் குழந்தைகள் பலர். என் மகன் பீன்ஸை மூன்று வாரம் வரிசையாக அடுக்கி விளையாடினான். நான்காவது வாரம் ஒன்றைக் கடித்தான், முகத்தைச் சுளித்தான், பிறகு இன்னொன்றை எடுத்தான்.

மாலையில் பால் எவ்வளவு குடிக்கிறாள் என்பதையும் பாருங்கள். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் பசியும் குறையும், இரும்புச் சத்துக் குறைபாட்டுக்கும் இடமுண்டு.

மறுமொழி: பழைய செவிலியர்

ஒரே சட்டியில் சமைக்கலாம், ஆனால் ஒரே வடிவத்தில் பரிமாற முடியாது என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை. வெந்த கேரட்டைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். சிரமமின்றி நசுங்கினால் ஈறு மட்டும் இருக்கும் இடத்திலும் அவளால் மெல்ல முடியும். நசுங்காவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் வேகட்டும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், ஏனெனில் உருண்டையான வழுவழுப்பான பொருள்தான் குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைக்கும். கொண்டைக்கடலையை நசுக்கிக் கொடுங்கள். முழுக் கொட்டைப் பருப்புகள் ஐந்து வயது வரை வேண்டாம். அரைத்தோ, விழுதாக மெல்லியதாய்த் தடவியோ கொடுக்கலாம். மீனில் முள்ளைக் கண்ணால் பார்த்து எடுப்பதை நம்பாதீர்கள், விரலால் உதிர்த்துத் தடவித்தான் எடுக்க வேண்டும். உண்ணும்போது அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், யாராவது ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது.

மறுமொழி: ஞாயிறு சமையல்

மீந்ததைச் சேமிப்பது பற்றி. சோறு சேர்ந்த உணவை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள், ஆவி பறக்க ஒரே ஒரு முறை சூடாக்குங்கள். வெளியிலேயே கிடந்த சோற்றில் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. மைக்ரோவேவில் சூடாக்கினால் நன்றாகக் கிளறி, உங்கள் நாவில் வைத்துப் பார்த்த பிறகே கொடுங்கள். ஓரிடம் ஆறியிருக்கும்போதே இன்னோரிடம் கொதித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி கேட்டவர்: இரவுச் சமையல்காரன்

அனைவருக்கும் நன்றி. நேற்று அரிசி பருப்பு செய்தேன், சீரகத்தை இருவர் பங்கிலும் போட்டேன். கிண்ணத்தை எடுத்துவிட்டு எங்களுடையதைப் போன்ற சிறிய தட்டில் வைத்ததும், அவள் என் தட்டையும் தன் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு கேரட் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். அதை நான் உண்ட பிறகு அடுத்ததைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். பாதித் தட்டு காலியானது, மீதி தரையில் கிடந்தது. மாலைப் பாலையும் இன்று முதல் குறைக்கிறோம். நாளைக்கு மீன், முள் எடுக்கும் வேலையை மனைவி ஏற்றுக்கொண்டிருக்கிறார், என் விரல்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லையாம்.