தகர புல்டோசர் ஓட உதவி வேணும்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நான் பழைய தகர வண்டிப் பொம்மைகள் சேக்கேன். போன வாரம் அம்பாசமுத்திரத்துல ஆச்சி வீட்டுப் பரண்ல ஒரு புல்டோசர் கிடைச்சுது. மணிமுத்தாறு அணை வேலைக்குப் போன தாத்தா, அங்க ஓடுன டோசரைப் பாத்த ஆசையில, நெல்லையப்பர் ஆனித் தேரோட்டக் கடையில அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்ததாம்.

அடியில ‘மேட் இன் ஜப்பான்’னு இருக்கு. மஞ்சள் நிறமும் டிரைவர் முகமும் தகரத்துலயே அச்சடிச்சது. அதனால துருவைத் தேய்க்கப் பயமா இருக்கு. படமும் சேந்து போயிரும். திரும்ப பெயிண்ட் அடிக்க எனக்கு மனசே இல்ல.

சாவி சுத்துனா பிடிக்க மாட்டேங்கு. உள்ள சுருள் அறுந்திருக்கும்னு நினைக்கேன். பிரிக்கணும்னா மடக்கி வச்ச தகர நாக்குகளை நிமித்தணும்; ரெண்டு மூணு தடவை நிமித்துனா ஒடிஞ்சிரும். பழைய சுவர்க்கடிகாரம் பாக்கத் தெரிஞ்ச பொறுமையான ஆள் டவுன்லயோ பாளையங்கோட்டையிலயோ இப்பவும் இருக்காங்களா? ரப்பர் பெல்ட் ஒண்ணு இத்துப் போச்சு, அதுக்கு எது பொருந்தும்?

உங்க வீட்டுப் பரண்லயும் தகர ரோடு ரோலர், கிரேன் கிடந்தா எடைக்குப் போட்டுராதீங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த ஆனித் தேருக்குள்ள அப்பா முன்னால இதை ஓட்டிக் காட்டணும்.