பாமினியில் அடித்த பழைய ஃபைலை ஏஐ மாற்றித் தருமா?

அச்சகத்தான்:
வணக்கம். அப்பா காலத்து அச்சகம் எங்களுடையது. 1998-ல் பக்கத்து ஊர் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேக மலர் அடித்துக் கொடுத்தோம். பேஜ்மேக்கர் என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த ஃபைல், பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துரு. இப்போது விழாக் குழுவினர் அதை போனில் படிக்கிற மாதிரி கேட்கிறார்கள். காப்பி செய்து வேறு எங்கே ஒட்டினாலும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. என் பையன் அதை ஒரு ஏஐ சாட்பாட்டில் போட்டான். முதல் பத்தி அச்சுப் பிசகாமல் வந்தது. சரி என்று முழுவதையும் போட்டோம். நன்கொடையாளர் பட்டியல் வந்ததும் தூக்கிவாரிப்போட்டது. மலரில் இல்லாத ஆட்களெல்லாம் ஐயாயிரம் கொடுத்திருக்கிறார்கள்! தல வரலாற்றில் அம்மன் பெயரே வேறு. மாதச் சந்தா கட்டினால் சரியாகுமா?

மெய்ப்புக்காரி:
சந்தாவெல்லாம் வேண்டாம் அண்ணே. இது ஏஐயிடம் கொடுக்கிற வேலையே இல்லை. பாமினியில் ‘தமிழ்’ என்று தெரிகிற இடத்தில் ஃபைலுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகம் போடுகிறது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது மாறாத அட்டவணை. கன்வெர்ட்டர் என்கிற எழுத்துமாற்றி மென்பொருள் அதைப் பார்த்து மாற்றும். அதற்கு ஊகிக்கத் தெரியாது, அதுதான் நமக்கு வேண்டும். ஏஐ எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை, டோக்கன் என்கிற துண்டுகளாகப் பார்க்கிறது. தெரிந்த சொல்லாக இருந்தால் பிடித்துவிடும். ஆள் பெயர், ஊர்ப் பெயர் வந்தால் தடுமாறி, பொருத்தமாகத் தோன்றுவதை எழுதிவிடும். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவதால் கண்ணிலும் படாது.

என்எச்எம் கன்வெர்ட்டர் இலவசம். பாமினியைத் தேர்ந்தெடுத்து, போனிலும் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றுங்கள். ஆங்கிலத்தில் அடித்த தொலைபேசி, முகவரி வரிகளை முன்பே தனியே எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் அதையும் தமிழாக்கிவிடும்.

நிழற்படி:
அச்சிட்ட மலரை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாகத் தருமே? நான் அப்படித்தான் செய்கிறேன்.

மெய்ப்புக்காரி:
ஃபைல் தொலைந்துபோனவர்களுக்கு அது சரி. மூல ஃபைலே கையில் இருக்கும்போது எதற்கு? இப்படிப் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கிற ஓசிஆர் செய்தால், இடம் வலம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கத்தில் வரிகள் கலந்துவிடும் வாய்ப்பு உண்டு, நன்கொடைப் பட்டியலில் பெயர் ஒருவருக்கும் தொகை இன்னொருவருக்கும் போகும். அப்புறம் விழாக் குழுவுக்கு யார் பதில் சொல்வது?

அச்சகத்தான்:
மாற்றிப் பார்த்தேன். பெயர்கள் அப்படியே இருக்கின்றன, அம்மனும் திரும்பி வந்துவிட்டாள். ஆனால் ‘ஔவையார்’ என்று தேடினால் கிடைக்கவில்லை. பக்கத்தில் கண்ணால் பார்க்கிறேன், இருக்கிறது!

மெய்ப்புக்காரி:
அந்தக் காலத்தில் அடித்தவர் ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டிருப்பார். அச்சில் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு இரண்டு எழுத்து.  தேடி மாற்றும்போது கண்மூடித்தனமாக ‘எல்லாவற்றையும் மாற்று’ அழுத்தாதீர்கள்: ‘ஒள’வை மாற்றப்போய் ‘ஒளி’, ‘ஒளிவு’ எல்லாம் கெட்டுப்போகும்.

ஏஐயைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் இந்தக் கட்டத்தில் பயன்படுத்துங்கள். ஒரு பக்கத்தைக் கொடுத்து, ‘எதையும் திருத்தாதே, பிழை என்று சந்தேகப்படும் சொற்களை மட்டும் பட்டியல் போடு’ என்று சொல்லுங்கள். திருத்துகிற கை உங்களுடையதாக இருக்கட்டும். தமிழ் விக்கிமூலம் என்கிற இலவச இணைய நூலகத்தில் ஸ்கேன் படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்து மெய்ப்பு பார்ப்பார்கள். ஒருவர் பார்த்த பக்கம் மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தால்தான் பச்சை. நன்கொடைப் பட்டியலுக்காவது அப்படி இரண்டாவது ஆள் வேண்டும். விழாக் குழுவிலேயே ஒரு பெரியவரைப் பிடியுங்கள், ஊர்க்காரர் இனிஷியல் அவருக்குத்தான் தெரியும்.