புதுப்பிப்பு: பி.எல்.சி.க்கு பாஸ்வேர்டு போட்டாச்சு, ஆனால் ஓட்டை வேறு இடத்தில் இருந்தது

நைட் ஷிஃப்டில் யாரோ கன்வேயர் டைமர் மதிப்பை மாற்றிவிடுகிறார்கள், எப்படித் தடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி இது. பலரும் சொன்னபடி பி.எல்.சி.யில் (லைனை இயக்கும் சிறிய தொழிற்சாலைக் கணினி) எழுதும் உரிமைக்கு மட்டும் பாஸ்வேர்டு போட்டோம்; லேப்டாப்பை இணைத்து லாஜிக்கைப் பார்க்கலாம், பழுது தேடலாம், புரோகிராமை மாற்றி அதற்குள் ஏற்ற முடியாது. பார்ப்பதையும் பூட்டச் சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, நள்ளிரவில் லைன் நின்றால் மெயின்டெனன்ஸ் ஆட்கள் என்ன செய்வார்கள்?

ஆனால் டைமர் மாறியது எச்.எம்.ஐ. திரையிலிருந்து, அதாவது ஆபரேட்டர்கள் மெஷினை இயக்கும் திரையிலிருந்து. அங்கே எல்லாருக்கும் ஒரே லாகின். இப்போது ஆளுக்கொரு லாகின், யார் எப்போது எதை மாற்றினார் என்பதும் பதிவாகிறது.

அப்புறம், பி.எல்.சி.யைத் தயாரித்த கம்பெனியிலிருந்து வரும் பாஸ்வேர்டே போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதவே போதாது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அலிக்விப்பா குடிநீர் நிலையத்தின் யூனிட்ரானிக்ஸ் கம்பெனி பி.எல்.சி.க்குள் ஹேக்கர்கள் புகுந்தார்கள். அந்த வரிசைக் கருவிகள் 1111 என்ற பாஸ்வேர்டோடுதான் வந்தன, தயவுசெய்து உங்களுடையதை இன்றே மாற்றுங்கள்.

புதிய பாஸ்வேர்டை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பிளான்ட் மேனேஜரின் லாக்கரில் வைத்திருக்கிறோம். புரோகிராம் பேக்கப்பும் அங்கேயே இருக்கிறது.