புதிய இயங்குதளம் போட்ட பிறகு கோப்புகள் திறக்கவில்லை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வெட்டிஒட்டி

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு சனிக்கிழமை கணினியில் புதிய இயங்குதளத்தைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெளிவட்டில் வைத்திருந்த பழைய கோப்புகளைத் திரும்ப ஏற்றினேன். சுமார் 180 ஜிபி, 41,000 கோப்புகள். திங்கட்கிழமை காலை ஓர் அறிக்கையைத் திறந்தால் ‘கோப்பு சேதமடைந்துள்ளது’ என்று செய்தி வந்தது. அடுத்து ஒரு புகைப்படம். பாதிவரை சரியாக இருந்தது, அதற்குக் கீழே எல்லாமே ஊதா நிறம். கால் மணி நேரத்தில் ஆறு கோப்புகள் அப்படி அகப்பட்டன. புதிய இயங்குதளத்தைத் திட்டித் தீர்த்தேன். குற்றவாளியைப் பிடித்துவிட்ட நிம்மதிகூட வந்தது.

பிறகு செய்ததுதான் முட்டாள்தனம். வட்டைச் சரிபார்த்துத் திருத்தும் நிரலை உடனே ஓடவிட்டேன். அது எதையோ திருத்தியதாகச் சொன்னது. இரண்டு கோப்புறைகள் மாயமாகிவிட்டன. எந்த நோய் என்று தெரியாமலேயே கத்தியைக் கையில் எடுத்திருக்கிறேன்.

நல்ல வேளையாக வெளிவட்டை அதுவரை அழிக்கவில்லை. அதிலிருந்த மூலத்தையும் உள்ளே ஏற்றிய நகலையும் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். 312 கோப்புகளில் வேறுபாடு. ஆனால் அந்த வேறுபாடு விசித்திரமாக இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு பைட்தான் மாறியிருந்தது. மாறிய மதிப்பு எப்போதும் மூலத்தைவிட 8 கூடுதல். 65 இருந்த இடத்தில் 73, 32 இருந்த இடத்தில் 40. அதாவது அந்த பைட்டின் எட்டு பிட்களில் ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1 ஆகியிருக்கிறது. அந்த இடங்களின் எண்களை 4096-ஆல் வகுத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மீதி ஒன்றேதான்!

வட்டு கெட்டால் இப்படி நடக்காது. வட்டில் படிக்க முடியாத பகுதி 512 பைட் அல்லது 4096 பைட் துண்டாகப் போகும், படிக்கும்போது பிழைச் செய்தியும் வரும். ஒற்றை பிட் சத்தமில்லாமல் மாறுகிறது, அதுவும் 4096 பைட் பக்கத்துக்குள் ஒரே இடத்தில் மாறுகிறது என்றால் சந்தேகம் ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) மீது போகவேண்டும். இயங்குதளம் கோப்புகளை ராமில் 4096 பைட் பக்கங்களாகத்தான் வைத்துக்கொள்கிறது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதே சனிக்கிழமை, ‘புதிய இயங்குதளத்துக்கு நினைவகம் கூடுதலாக வேண்டும்’ என்று 8 ஜிபி ராம் ஒன்றையும் சேர்த்துச் செருகியிருந்தேன். யாரிடம் புலம்பியபோதும் இதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, உண்மையிலேயே மறந்துவிட்டேன்.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலைப் பென் டிரைவிலிருந்து துவக்கினேன். நாற்பதாவது நிமிடத்தில் சிவப்பு வரிகள் கொட்டத் தொடங்கின. எல்லா வரியிலும் அதே பிட். இரண்டு ராம்களும் சேர்ந்து இருக்கும்போது எது கெட்டது என்று முகவரியை வைத்துச் சொல்வது கடினம். ஒன்றைக் கழற்றி, மற்றதைத் தனியாக வைத்துச் சோதிக்கவேண்டும். புதியதுதான் கெட்டது. முனைகளை அழிப்பானால் துடைத்து மறுபடியும் செருகிப் பார்த்தேன், பயனில்லை.

இடையில் ஒரு பொறியில் விழுந்தேன், அதையும் சொல்லவேண்டும். ஒரு கோப்புக்கு ஷா-256 மதிப்பை (உள்ளடக்கத்தில் ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) இரண்டு முறை கணக்கிட்டேன். இரண்டும் ஒன்றாகவே வந்ததால் ராம் நல்ல நிலையில் இருப்பதாக ஒரு நாள் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை கணினி வட்டைத் தொடவே இல்லை. முதலில் படித்து ராமில் வைத்திருந்ததையே எடுத்துக் கொடுத்திருக்கிறது. ராமின் அளவைவிடப் பெரிய ஒரு காணொளிக் கோப்பை எடுத்தபோது மூன்று முறைக்கு மூன்று மதிப்புகள் வந்தன.

மூலம் இருந்தவற்றை மறுபடியும் ஏற்றிக்கொண்டேன். ஆனால் ஒரு கோப்புறையை மட்டும் நகலெடுக்காமல் வெட்டி ஒட்டியிருக்கிறேன். அதற்கு மூலமே இல்லை. திறந்து பார்த்தவரை அதில் ஏழு கோப்புகள் பழுது. என் பெயர்க்காரணம் இதுதான்.

இரண்டுவீட்டுக்காரன்

உங்களுக்காவது ராம் கெட்டது. எனக்கு எல்லாம் நல்ல நிலையில் இருந்தே கெட்டது.

பழைய இயங்குதளத்தை விட மனமில்லாமல் பக்கத்திலேயே புதியதையும் போட்டேன். இரண்டும் ஒரே தரவுப் பகுதியைப் பயன்படுத்தின. புதியதில் எழுதிய கோப்புகள் பழையதற்குப் போய்த் திரும்பினால் காணாமல் போயின, அல்லது ஒரு கோப்பின் பெயரில் இன்னொன்றின் உள்ளடக்கம் இருந்தது. காரணம் இவ்வளவுதான்: பழையது ‘ஷட் டவுன்’ கொடுத்தால் முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை வேகமாக எழுவதற்காகத் தன் நினைவின் ஒரு பகுதியை வட்டில் எழுதிவிட்டு அரைத்தூக்கம் போடுகிறது. அந்த இடைவெளியில் புதியது உள்ளே போய் எழுதுகிறது. பழையது எழும்போது, தான் தூங்கப்போனபோது இருந்த வரைபடத்தையே நம்பி, மேலே எழுதிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே இயங்குதளத்தில் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் முழுதாக இறங்கி ஏறும். புதியது என்னை எச்சரித்து, அந்தப் பகுதியைப் படிக்க மட்டும்தான் திறந்தது. நான்தான் கட்டாயப்படுத்தி எழுதும் அனுமதியோடு இணைத்தேன். அரைத்தூக்கம் போடவைக்கும் அந்த வேகத்துவக்க வசதியை நிறுத்திய பிறகு தொல்லை இல்லை.

அச்சுக்கோப்பவள்

என் கோப்புகள் கெடவே இல்லை. கெட்டுவிட்டதாக நினைத்து நானே கெடுத்தேன்.

பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் புதிய இயங்குதளத்தில் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிந்தன. சிலவற்றில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி. யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறிமுறைகளான பாமினி, டிஸ்கி, டாப் காலத்து ஆட்களுக்கு இது புரிந்திருக்கும். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாவிட்டால் வேஷம் கலைந்துவிடும், அவ்வளவுதான். எழுத்துருவை மறுபடி நிறுவியதும் அவை அப்படியே திரும்பின.

டிஸ்கியில் இருந்தவைதான் போயின. அதில் தமிழ் எழுத்துகள் 128-க்கு மேற்பட்ட மதிப்புகளில் இருக்கும். புதிய உரைத்தொகுப்பி அவற்றை யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்று நினைத்துத் திறந்தது. புரியாத பைட்டுகளுக்கெல்லாம் அந்தக் கேள்விக்குறியைப் போட்டது. நான் ஓர் இடத்தில் ஏதோ திருத்திப் பார்த்துவிட்டுச் சேமித்தேன். ‘அ’ இருந்த இடத்திலும் கேள்விக்குறி, ‘ழ’ இருந்த இடத்திலும் அதே கேள்விக்குறி. இனி எந்த மாற்றி நிரலாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. நாற்பது பக்கம். சந்தேகமான கோப்பைத் திறந்தால் சேமிக்காமல் மூடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற நிரலர்

அச்சுக்கோப்பவள் சொல்வதைப் படித்தபோது வயிறு பிசைந்தது.

என்னுடையது பழைய காலத்துக் கதை. 160 ஜிபி வட்டு வாங்கி, அதில் ஒரு பழைய நிறுவல் குறுந்தகட்டிலிருந்து இயங்குதளத்தைப் போட்டேன். மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லை. வட்டு நிரம்பி வந்தபோது ஒரு நாள் கணினி எழவே இல்லை. அந்தக் குறுந்தகட்டுக்கு வட்டின் முகவரியை 28 பிட்டில்தான் எழுதத் தெரியும். 26,84,35,456 துண்டுகள், துண்டுக்கு 512 பைட், ஆக 137 ஜிபி. அதைத் தாண்டி எழுதியதெல்லாம் சுற்றிக்கொண்டு வட்டின் தலைப்பகுதியில் போய் விழுந்திருக்கிறது. இயங்குதளம் தன் தலையிலேயே எழுதிக்கொண்டது.

வெட்டிஒட்டி, அந்த ஏழு கோப்புகளையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எந்த பிட், பக்கத்துக்குள் எந்த இடம், மாறும் திசை, மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன. டாக்எக்ஸ் கோப்பு (வேர்ட் ஆவணம்) உண்மையில் ஒரு ஜிப் பொதி, பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய மூட்டை. உள்ளே ஒவ்வொரு பகுதிக்கும் சிஆர்சி-32 சரிபார்ப்பு எண் இருக்கிறது. 2 எம்பி கோப்பில் 512 பக்கங்கள்தான். பக்கத்துக்கு ஓர் இடத்தில் 8-ஐக் கழித்துப் பார்த்து, எண் பொருந்துகிறதா என்று கேட்கும் சிறு நிரலை எழுதுங்கள். அந்த பிட் ஏற்கெனவே 0 ஆக இருக்கும் பக்கங்களைத் தொடவே வேண்டாம். நகலில் வேலை செய்யுங்கள். கெட்ட ராமைக் கழற்றிய பிறகு!

வெட்டிஒட்டி

ஐயா, முப்பது வரி நிரல். ஏழில் ஐந்து டாக்எக்ஸ். நான்கு ஒரே பிட்டில் திரும்பிவிட்டன. ஐந்தாவது மசியவில்லை, இரண்டிரண்டு இடங்களாகச் சேர்த்து மாற்றியபோது அதுவும் திறந்தது. மீதி இரண்டும் ஜேபெக் படங்கள். அவற்றுக்குச் சரிபார்ப்பு எண் இல்லாததால் ஒவ்வொரு சாத்தியத்தையும் தனிப் படமாக்கிச் சிறு உருவங்களாக அடுக்கிக் கண்ணால் தேடினேன். ஒன்றில் ஊதா மறைந்து முகங்கள் தெரிந்தன. இன்னொன்று இன்றிரவு ஓடிக்கொண்டிருக்கிறது, 1,100 படங்கள் பார்க்கவேண்டும்.