3 வயதுப் பையன், ராத்திரியிலும் தண்ணீர் கேட்டு அழுகிறான்

கேள்வி – கரூர் அம்மா:
கொஞ்ச நாளாகப் பாட்டிலும் கையுமாகவே திரிகிறான், நடுராத்திரி எழுந்து மடமடவென்று குடிக்கிறான், படுக்கையை நனைப்பதை எப்போதோ விட்ட பிள்ளை இப்போது மறுபடி நனைக்கிறான். வெயில்தான் காரணம் என்கிறார் மாமியார். அப்படியே விடலாமா?

பதில் – பவானி:
விடாதீர்கள் தோழி, இன்றே காட்டுங்கள். வெயில் தாகம் என்றால் ஓடியாடிவிட்டுக் குடிப்பான், சிறுநீர் குறைவாக, மஞ்சளாகப் போகும். ராத்திரி தாகம், நிறைய சிறுநீர், விட்ட பழக்கம் திரும்புவது, அதோடு சட்டை தொளதொள என்று ஆவது, இதெல்லாம் சேர்ந்தால் முதல் வகைச் சர்க்கரை நோயா என்று பார்த்தே ஆகவேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். இந்த அறிகுறிகளோடு ரத்தச் சர்க்கரை 200 (மி.கி./டெ.லி.) அல்லது அதற்கு மேல் காட்டினால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பதில் – மதுரை சித்தப்பா:
அம்மா, வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குவது, வாயில் பழவாசனை, தூங்கி வழிவது என்று ஏதாவது தெரிந்தால் காலை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எங்கள் அண்ணன் மகளுக்கு, அவள் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துத்தான் அண்ணிக்குச் சந்தேகமே வந்தது.

பதில் – செல்வி:
அக்கா, தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். ஜூஸ் என்றால் குடித்து, வெறும் தண்ணீரைத் தள்ளிவிடும் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் பழக்கம்தான். ஆனால் சர்க்கரை சரியாக இருந்தும் தாகம் அடங்காமல், சிறுநீர் பச்சைத் தண்ணீர் மாதிரியே போனால், உடம்பில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனில் கோளாறு இருக்கலாம், அப்போது தண்ணீரைத் தடுப்பது ஆபத்து.