போர்க்கால டெஸ்ட்ராயர் கவர்கள்: கையில் சிக்கியவை, மனசில் சிக்கியவை

பனிக்காட்டான்

கப்பலிலிருந்து போட்ட பழைய தபால் கவர் சேர்க்கும் இந்தத் திரியில் வார்ட் கப்பலைப் பற்றி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1941 டிசம்பர் 7 காலை, விமானங்கள் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னாடி, பேர்ல் ஹார்பர் வாசலில் ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கியைச் சுட்ட டெஸ்ட்ராயர், அதாவது நாசகாரிப் போர்க்கப்பல். சுட்ட மூன்றாம் நம்பர் பீரங்கி இங்கே மின்னசோட்டாவின் செயின்ட் பாலில், மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் நிற்கிறது. தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன். சுட்டவர்களும் இந்த ஊர் கடற்படை ரிசர்வ் பையன்கள்தான்.

2019-ல் இங்கே ஒரு ஸ்டாம்பு கண்காட்சி. டீலர் ஒருவரின் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தேன், வார்ட் கவர் ஒன்று வந்தது. அக்டோபர் 1941. தபால் முத்திரை வட்டத்தில் கப்பல் பெயர் சுத்தமாக விழுந்திருந்தது, ஸ்டாம்பின் மேல் விழும் பட்டைகளுக்கு நடுவில் எழுத்தில்லை. 3 சென்ட் ஊதா ஜெஃபர்சன் ஸ்டாம்பு. செயின்ட் பாலில் ஓர் அம்மாவுக்கு மகன் போட்டது. கீழே பென்சிலில், வேறு கையெழுத்தில், 'பதில் போட்டாச்சு' என்று இங்கிலீஷில் ஒரு குறிப்பு, தேதியோடு.

பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, 85 வயது இருக்கும், "பார்க்கலாமா?" என்றார். கொடுத்தேன். விலாசத்தின் மேல் விரலை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் தெரு. எட்டு வீடு தள்ளி" என்றார். விலை கேட்டார். 40 டாலர் என்றேன். "அதிகம்" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் நிற்கும்போதே டீலரிடம் பேரம் பேசி 32-க்கு வாங்கினேன். திரும்பிப் பார்த்தால் அவர் இல்லை.

லென்ஸ்சாமி

முதலில் ஒரு திருத்தம். அக்டோபர் 1941 என்றால் அது போர்க்காலக் கவரே கிடையாது. அமெரிக்கா இறங்கியது டிசம்பரில். போர்க்கால முத்திரையில் பெரும்பாலும் கப்பல் பெயரே இருக்காது, 'யு.எஸ். நேவி' என்று மட்டும் இருக்கும். பெயர் இருந்த இடம் பொக்கை வாய் மாதிரி. எந்தக் கப்பல் என்று தெரிய வேண்டுமானால் இடது மேல் மூலையில் மாலுமி எழுதிய விலாசம்தான் கதி. வலது மூலையில் ஸ்டாம்பு இருக்காது, 1942 ஏப்ரலிலிருந்து கையால் 'ஃப்ரீ' என்று எழுதினால் போதும். கூடவே சென்சார் முத்திரையும் அதிகாரியின் இனிஷியலும். திரியின் தலைப்பில் போர்க்காலம் என்று போட்டிருப்பதால் சொல்கிறேன்.

என் கதையும் வார்ட்தான். 7 டிசம்பர் 1941 தேதியிட்ட கவர், இணையத்தில் 280 டாலர். வீட்டுக்கு வந்ததும் லென்ஸை வைத்து ஒரு வாரம் பார்த்தேன். எழுத்து, மை, ஸ்டாம்பு எல்லாம் சரி. ஒரு நாள் மச்சானின் மளிகைக் கடையில் கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளையாட்டாகக் கவரை அடியில் நீட்டினேன். நீலம் போட்ட வேட்டி மாதிரி பளீரென்று மின்னியது. ஸ்டாம்பு மட்டும் மங்கலாக, தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. தாளுக்கு வெளுப்பு மருந்து கலப்பதெல்லாம் போருக்குப் பிறகு வந்த பழக்கம். மச்சான் கேட்டார்: "நோட்டா மாப்ளே, செல்லாதா?"

பாஸ்டன் ரசம்

லென்ஸ்சாமி அண்ணே, அமெரிக்கா போரில் இறங்கியது டிசம்பரில் என்று ரூபன் ஜேம்ஸ் டெஸ்ட்ராயர்காரர்களிடம் சொல்ல முடியுமா? 1941 அக்டோபர் 31, ஐஸ்லாந்துப் பக்கம் கான்வாய்க்கு, அதாவது சரக்குக் கப்பல் கூட்டத்துக்குக் காவல் போனபோது ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பீடோ. 100 பேர் போனார்கள், அதிகாரி ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கவரைப் போர்க்காலம், அமைதிக்காலம் என்று பிரிப்பது ஆல்பத்துக்கு வசதி. பனிக்காட்டான் சொன்னது வேறு விஷயம், நீங்கள் பதில் சொன்னது வேறு.

என்னிடம் இருப்பது கப்பலிலிருந்து வந்ததே இல்லை, கப்பலுக்குப் போனது. பார்ட்டன் என்ற டெஸ்ட்ராயர், இங்கே பாஸ்டன் பக்கம் கட்டியது. 1942 மே கடைசியில் சேவைக்கு வந்து நவம்பர் 13 அதிகாலை இருட்டில் பசிபிக்கின் குவாடல்கனால் தீவுப் பக்கம் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. ஆறு மாதம்கூட முழுசாக ஓடவில்லை. என் கவர் மாசசூசெட்ஸ் ஊர் ஒன்றிலிருந்து நவம்பர் 20-ல் போட்டது. கப்பல் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது, எழுதியவருக்குத் தெரியாது. 3 சென்ட் ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறது, ஏனென்றால் 'ஃப்ரீ' சலுகை மாலுமி போடும் கடிதத்துக்குத்தான், வீட்டிலிருந்து போவதற்குக் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் கடற்படைத் தபாலுக்கான ஃப்ளீட் போஸ்ட் ஆபீஸ் வரை போய், அனுப்பியவருக்கே என்று விரல் நீட்டும் கை முத்திரையோடு திரும்பி வந்திருக்கிறது.

பிரிக்கவில்லை. யாருமே பிரிக்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்காரர்களும் பிரிக்கவில்லை. அந்தக் குடும்பத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது பெட்டியோடு வந்தது. ஒரு ராத்திரி மேஜை விளக்குக்கு நேராகப் பிடித்தேன். உள்ளே மடித்த தாள், அதற்குள் கொஞ்சம் கெட்டியாக, சதுரமாக ஒன்று. போட்டோவாக இருக்கலாம். மனைவி வந்து பார்த்துவிட்டு விளக்கை அணைத்தாள். அதோடு எடுத்து வைத்ததுதான், நாலு வருஷம் ஆகிறது.

பழைய டிரங்குபெட்டி

எல்லாரும் கதை சொல்கிறீர்கள், சரி. கவரை எதில் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைக் கொஞ்சம் பேசலாம்.

பிவிசி பாக்கெட் வேண்டவே வேண்டாம். கல்யாண ஆல்பத்துக்கு விற்கிறார்களே, ஒட்டுகிற ஷீட், அதுவும் வேண்டாம். மையை இழுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் உறை வாங்குங்கள், விலை அதிகம்தான், ஒரு கவருக்கு ஒரு டீ காசு என்று நினைத்துக்கொள்ளுங்கள். லேமினேட் செய்தவர்களோடு நான் பேசுவதில்லை. கிழிந்த ஓரத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பத்து வருஷத்தில் பழுப்பாகி அது மட்டும்தான் கண்ணில் படும். இஸ்திரிப் பெட்டி போட்டுச் சுருக்கம் எடுக்க வேண்டாம். பென்சில் எழுத்தை ரப்பரால் அழிக்க வேண்டாம், பனிக்காட்டான் கவரில் மதிப்பே அந்தப் பென்சிலில்தான் இருக்கிறது. 'ஃப்ரீ' என்று எழுதிய இடத்தில் "ஸ்டாம்பு இல்லையே" என்று ஸ்டாம்பு ஒட்டி விற்ற ஒரு மகானை எனக்குத் தெரியும்.

அப்புறம் ஈரம். நம் ஊர் மழைக்காலத்தில் கவரின் கோந்து தானாகவே ஒட்டிக்கொள்ளும். பாஸ்டன் ரசம், உங்கள் கவருக்கு அந்தப் பயமில்லை, ஏற்கெனவே ஒட்டித்தானே இருக்கிறது. பீரோவின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், தரை ஈரம் ஏறும். நாப்தலீன் உருண்டையைக் கவரோடு போடாதீர்கள். மாதம் ஒருமுறை எடுத்து நிழலில் புரட்டுங்கள். வெயிலில் காட்டினால் ஊதா ஜெஃபர்சன் வெளுத்துப்போவார்.

என் அனுபவம்: தாம்பரத்தில் 30 கவர், டிரங்குப் பெட்டி, மழை, ராமபாணப் பூச்சி. திறந்தபோது முத்திரைகள் மட்டும் வட்டம் வட்டமாக மிச்சம் இருந்தன. பூச்சிக்கு மை பிடிக்கவில்லை போல.

திருமலைக் காற்று

அமெரிக்கன்களுக்குக் கப்பலிலேயே போஸ்ட் ஆபிஸ், 1908-இலிருந்து. பெயர் முத்திரையில் இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் சண்டை பிடிக்கலாம். பிரிட்டிஷ் நாசகாரிகளுக்கு அந்தக் கதையே இல்லை. கப்பல் திருகோணமலையில் நங்கூரம் போட்டு நின்றாலும் விலாசம் லண்டன் ஜி.பி.ஓ., அங்கத்தைய பெரிய தபால் கந்தோர்தான். முத்திரையில் 'மேரிடைம் மெயில்' என்று மட்டும். ஊருமில்லை, கப்பலுமில்லை.

எங்கட அப்பப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான்காரன் குண்டு போட்டதையும், அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸும் அதோட வந்த ஆஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் மூழ்கினதையும் சொல்லிச் சொல்லியே செத்தவர். அதனால்தான் எனக்கு இந்தப் பைத்தியம். போன வருஷம் இங்கிலாந்தில் இருந்து ஒரு 1944 கவர் எடுப்பித்தேன், நாசகாரியில் இருந்த ஒரு பெடியன் தாய்க்கு எழுதினது. உள்ளே கடிதமும் இருந்தது. முதலாம் பக்கத்தில் ஒரு சொல்லைச் சென்சார் பிளேட்டால் வெட்டியெடுத்திருக்கிறார். நீட்டாக ஒரு ஓட்டை. பின்பக்கத்து வசனமும் அதோட போச்சு.

அந்தப் பெடியன்ர கையெழுத்தில் ஒரு எழுத்துக்கு எவ்வளவு இடம் என்று அடிமட்டம் வைத்து அளந்தேன். கொழும்புக்கு இங்கிலீஷில் ஏழு எழுத்து, அதுக்கு ஓட்டை பெரிது. பதினொரு எழுத்து வைத்தால் சரியாக இருந்தது. திருகோணமலைக்குப் பதினொன்று. வேற சொல்லாகவும் இருக்கலாம், எனக்கு விளங்குது. எண்டாலும் கடிதத்துக்குக் கீழே எங்கட வீட்டு மேசைதானே அந்த ஓட்டைக்குள்ளால தெரிஞ்சது.

லென்ஸ்சாமி

பாஸ்டன் ரசம், நான் வகைப்படுத்தியதைத்தான் சொன்னேன், உயிர்ச்சேதத்தைக் குறைத்துப் பேசவில்லை. அட்லாண்டிக்கில் அப்போது சண்டை நடந்தது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேர்ல் ஹார்பரில் நின்ற வார்டுக்கு அக்டோபரில் சண்டை கிடையாது.

டிரங்குபெட்டி, ராமபாணம் மையைத் தின்னாது என்பதெல்லாம் இல்லை. உங்கள் அதிர்ஷ்டம்.

பனிக்காட்டான், உங்கள் கவரையும் ஒருமுறை ஊதா விளக்கில் காட்டுங்கள்.

பனிக்காட்டான்

காட்டினேன். மின்னவில்லை. நிஜம்தான்.

போரா இல்லையா என்பதில் எனக்கு அக்கறையில்லை அண்ணே. வார்ட் 1944 டிசம்பர் 7-ல், சரியாக மூன்று வருஷம் கழித்து, பிலிப்பைன்ஸ் ஓர்மாக் விரிகுடாவில் கமிகாஸே, அதாவது ஜப்பானியத் தற்கொலை விமானம் மோதி எரிந்தது. காப்பாற்ற முடியாமல் வார்டைச் சுட்டு மூழ்கடித்த அமெரிக்கக் கப்பல் ஓ'பிரையனின் தளபதி, பேர்ல் ஹார்பர் அன்று வார்டுக்கே தளபதியாக இருந்த அவுட்டர்பிரிட்ஜ். இதெல்லாம் அந்தப் பாட்டிக்குத் தெரிந்திருக்குமா என்று பீரங்கியைத் தாண்டும்போதெல்லாம் யோசிப்பேன். எட்டு வீடு தள்ளி இருந்தவருக்கு என்னைவிட அதிகமாகவே தெரிந்திருக்கும்.

அந்தத் தெருவுக்கு ஒருமுறை காரில் போனேன். கவரில் இருக்கும் நம்பர் வீடு இருக்கிறது, வாசலில் சைக்கிள் கிடந்தது. எட்டு வீடு என்றால் எந்தப் பக்கம் எண்ணுவது? இரண்டு பக்கமும் எண்ணினேன். ஒரு பக்கம் எட்டாவது வீடு ஒரு லாண்டரிக் கடை. இன்னொரு பக்கம் கதவைத் தட்டத் துணிச்சல் வரவில்லை.

அடுத்த மாதம் அதே கண்காட்சி. பாட்டி வந்தால் கொடுக்கலாம் என்று கவரை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.

பழைய டிரங்குபெட்டி

ஜெராக்ஸா? கறுப்பு வெள்ளையில் பென்சில் எழுத்து சரியாக விழாது. கலரில் எடுங்கள், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும். மிஷினில் வைக்கும்போது மூடியை அழுத்தாதீர்கள்.