40 வயதில் தொப்பை: வளர்சிதை மாற்றம் மந்தமாவதாலா, நடமாட்டம் குறைவதாலா? தசைநார், அளவுகோல், கார்த்திகை என்ற பெயர்களில் மூவர் விவாதம்

தசைநார்:
உடற்பயிற்சி இல்லாதவர்களுக்கு 30 தாண்டினால் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. சும்மா படுத்திருந்தாலும் தசை கலோரி செலவழிக்கும். அது குறைந்தால் அதே சாப்பாட்டுக்கே எடை ஏறும். வளர்சிதை மாற்றம், அதாவது உடம்பு கலோரி எரிக்கும் வேகம், மந்தமாவதுதான் காரணம்.

அளவுகோல்:
ஏற்க முடியாது. 2021-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில், ஐசோடோப்பு (உடம்பில் தடம் பார்க்க உதவும் அணு வகை) கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து 6,400-க்கும் மேற்பட்டோரின் அன்றாடக் கலோரிச் செலவை அளந்தார்கள். 20 முதல் 60 வயது வரை செலவுக் கோடு ஏறாமல் இறங்காமல்தான் போகிறது. அதற்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் இறங்குகிறது.

தசைநார்:
அந்தக் கோடு கொழுப்பில்லா எடைக்கு (கொழுப்பு போக மீதி: தசை, எலும்பு, உறுப்புகள்) ஈடுகட்டி, அதாவது அந்த எடை ஆளுக்கு ஆள் மாறுவதைக் கழித்துவிட்டு வரைந்தது. ஒரு கிலோ தசை எரிப்பது மாறவில்லை, சரி. அந்தக் கிலோவே காணாமல் போனால்?

அளவுகோல்:
செலவு இறங்கும். எவ்வளவு? ஓய்வில் ஒரு கிலோ தசை நாளுக்குச் சுமார் 13 கலோரி எரிக்கும், கொழுப்பு 4.5. மூன்று கிலோ தசை போய் அவ்வளவு கொழுப்பு வந்தால் வித்தியாசம் 25 கலோரி. இதை 365-ஆல் பெருக்கி, வருஷாவருஷம் ஒரு கிலோவுக்கு மேல் ஏறும் என்று கணக்குப் போடுவது தவறு. எடை ஏற ஏற உடம்பின் செலவும் ஏறுவதால், 25 கலோரி மிச்சம் ஏறக்குறைய ஒரு கிலோவோடு நின்றுவிடும். 70 கிலோ ஆள் தினம் 4,000 அடி குறைவாக நடந்தால் மிச்சமாவது சுமார் 100 கலோரி. பத்து கிலோ கூடியவருக்குத் தசைக்கணக்கு மட்டும் விடை சொல்லாது.

கார்த்திகை:
ரெண்டு பேரும் மாதவிடாய் நிற்பதை விட்டுட்டீங்க. ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் குறைஞ்சா, இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றில் சேர ஆரம்பிக்கும். தராசு முள் அசையாமலே சுற்றளவு கூடும். டேப் வெச்சு அளங்க: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், இயல்பா மூச்சு விட்டதும். வயிற்றை எக்கினா அளவு பொய்யாயிடும்.

தசைநார்:
25 கலோரியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாப்பிட்டபின் இரத்தத்திலிருந்து சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வதும் தசைதான். பட்டினி போட்டு மெலிந்தால் இறங்கும் எடையில் சுமார் கால்வாசி கொழுப்பில்லா எடையாகப் போய்விடும். அதனால் வாரம் 2 நாள் எடைப்பயிற்சி வேண்டும்: கால், முதுகு, மார்பு, ஒவ்வொன்றுக்கும் 8 முதல் 12 முறை. கடைசி இரண்டு முறை திணற வேண்டும். 12 சுலபமாகிவிட்டால் எடையைக் கூட்டுங்கள். மாதக்கணக்கில் ஒரே எடையைத் தூக்குவதால்தான் பலருக்கும் பலன் நின்றுபோகிறது. 65 தாண்டியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம், மூன்று வேளைக்கும் பிரித்து. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவுதான்.

அளவுகோல்:
பயிற்சிக்கு மறுப்பே இல்லை. அரை மணி எடை தூக்கிவிட்டு மீதி நாளெல்லாம் நாற்காலியில் இருப்பதைத்தான் சொல்கிறேன். முதல் வாரம் எதையும் மாற்றாமல் தினசரி அடிகளைக் குறித்துவையுங்கள். அந்தச் சராசரிக்கு மேல் 2,000 கூட்டுங்கள்.